ஸ்மார்ட் ரிலேயும் பழைய அழுத்துப் பொத்தானும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கங்களில் நான் வயரிங் வேலை பார்த்த மாடி வீடுகள் சிலவற்றில் படிக்கட்டு விளக்குக்கு டூ-வே சுவிட்ச் கிடையாது. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் தானே மீண்டு வரும் பொத்தான்கள்தாம் கீழே ஒன்று, திருப்பத்தில் ஒன்று, மாடியில் ஒன்று என்று இருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அங்கே கண்ட முறையையே வீட்டுக்கும் கேட்டு வாங்கிப் போட்டது அது. டி.பி. பெட்டிக்குள் (வீட்டு மின்சாரம் சர்க்யூட்டுகளாகப் பிரியும் பெட்டி) ஓர் இம்பல்ஸ் ரிலே இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது 'டக்' என்று நிலை மாறும். விளக்கு எரியும், மறு அழுத்தலில் அணையும். அந்த இம்பல்ஸ் ரிலேயை எடுத்துவிட்டுப் போனிலும் இயங்கும் ஸ்மார்ட் ரிலேயை வைப்பதற்கோ, காலிங் பெல் பொத்தானையே விளக்குப் பொத்தானாக்கி அதன் பின்னால் ஸ்மார்ட் ரிலேயைச் செருகுவதற்கோ இப்போது பலர் விரும்புகிறார்கள். பொருத்துவது அரை மணி நேர வேலை. பொருத்திய பிறகு வரும் குழப்பங்களுக்குத்தான் என்னை மறுபடி அழைக்கிறார்கள்.

அப்படிப் போன இடங்களில் 'கெட்டுப்போன ரிலே' என்று என் கையில் கொடுக்கப்பட்டவற்றைப் பட்டறையில் வைத்துப் பார்த்தால், பல நன்றாகவே வேலை செய்தன. பொத்தானிலிருந்து வரும் வயரில் என்ன வருகிறது, அது எந்த லைனிலிருந்து வருகிறது என்ற இரண்டையும் யாரும் பார்க்காததுதான் குறை. ஆகவே இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி பொத்தான் வயரைப் பற்றியதாகவே இருக்கும்.

தொடங்கும் முன்

மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பெட்டியைத் திறக்க வேண்டாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்த அந்த நொடியிலேயே இன்வெர்ட்டர் தன் லைனுக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். படிக்கட்டு விளக்கு பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும். எனவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, அதன் பிறகு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் எர்த்தோடு வைத்து மல்டிமீட்டரால் சோதித்துவிட்டே வயரைத் தொட வேண்டும். நியூட்ரலையும் ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஒரே ஓர் எம்.சி.பி.யை (ஒரு சர்க்யூட்டுக்கான பாதுகாப்பு சுவிட்ச்) மட்டும் அணைத்திருக்கும்போது, வேறொரு சர்க்யூட்டோடு சேர்ந்து வரும் நியூட்ரலைக் கழற்றினால், அந்தச் சர்க்யூட்டில் ஓடும் விளக்கோ ஃபேனோ வழியாக அந்த முனையில் மின்சாரம் வந்து நிற்கும். வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் அறிகுறியை மட்டும் கவனித்து எழுதி வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறக்கும் வேலையைத் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனிடம் விடுவதே முறை.

அடுத்து, கையில் இருப்பது எந்த வகை ரிலே என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஷெல்லி 1 போன்றவற்றில் எல், என் என்ற இரண்டும் ரிலேக்கு உயிர் கொடுக்கும் முனைகள்; ஐ, ஓ இரண்டும் வெறும் காண்டாக்ட், அதாவது தாமாக மின்சாரம் தராமல் சேர்ந்து பிரிய மட்டும் செய்யும் தொடுமுனைகள்; எஸ்.டபிள்யூ. என்பது பொத்தானிலிருந்து ஃபேஸ் வந்து சேரும் முனை. சோனாஃப் மினி போன்றவற்றில் எஸ் 1, எஸ் 2 என்ற இரண்டு முனைகளையும் பொத்தான் ஒன்றோடொன்று சேர்த்தால் போதும். அவற்றில் வெளியிலிருந்து மின்சாரம் வரவே கூடாது. பழைய பொத்தானில் முன்பு ஃபேஸ் லூப் (பக்கத்திலிருந்து இழுத்து வந்த ஃபேஸ் வயர்) இருந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்காமல் அப்படியே எஸ் 1-இல் செருகினால், முதல் அழுத்தலிலேயே ரிலே போய்விடும். எஸ் 1, எஸ் 2 வயர்களில் மின்னழுத்தம் குறைவுதானே என்று பெல்லுக்குப் போடும் மெல்லிய வயரைப் பயன்படுத்துவதும் தவறு. இத்தகைய ரிலேக்களின் உட்சுற்று மெயினிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டதாக இருப்பதில்லை என்பதால், அந்த வயரையும் 230 வோல்ட் வயராகவே கருதி இழுக்க வேண்டும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். எஸ்.டபிள்யூ. முனையிலிருந்து பொத்தான் வயரைக் கழற்றி, அதன் நுனியைக் கனெக்டரில் மூடி வைத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் போன் மூலமாக மட்டும் விளக்கை இயக்கச் சொல்கிறேன். அந்த ஒரு நாளில் கோளாறு நின்றுவிட்டால் பிழை பொத்தான் பக்கம்; நிற்காவிட்டால் விளக்குப் பக்கம், அல்லது ரிலேக்கு வரும் மின்சாரத்தின் பக்கம். இந்தப் பிரிவினை இல்லாமல் தேடுவது இருட்டில் துழாவுவதுதான்.

ரிலேக்கு உயிரே வரவில்லை

உட்விளக்கு எரியவில்லை, போனிலும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் நியூட்ரல் இல்லை. பக்கத்தில் பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் கட்டாயம் இருக்கும். ஆனால் பொத்தான் மட்டும் உள்ள சிறு பெட்டியில் போவதும் வருவதுமான இரண்டு வயர்கள்தாம் இருக்கும். அவை இரண்டுமே சிவப்பாக இருக்கலாம், சில வீடுகளில் ஒன்று கறுப்பாகவும் இருக்கும், அந்தக் கறுப்பு நியூட்ரல் ஆகாது. நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டும். பொத்தான் பெட்டிக்குள் ரிலேயைத் திணிப்பதைவிட, பழைய இம்பல்ஸ் ரிலே இருந்த டி.பி. பெட்டிக்கு அருகிலோ, விளக்கின் மேலுள்ள ஜங்ஷன் பாக்ஸிலோ வைத்தால் ஃபேஸ், நியூட்ரல், விளக்கு வயர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

'டக்' கேட்கிறது, விளக்கு எரியவில்லை

வெறும் காண்டாக்ட் வகை ரிலேயில் எல் முனையிலிருந்து ஐ முனைக்கு ஒரு சிறு துண்டு வயர் போட மறந்திருப்பார்கள். அந்த இணைப்பு இல்லாமல் ஓ முனையில் ஒன்றும் வராது. அது இருந்தும் எரியவில்லை என்றால் விளக்கின் நியூட்ரலைப் பாருங்கள்.

விரலை எடுத்ததும் விளக்கு அணைந்துவிடுகிறது

ரிலே பொத்தானைச் சாதாரண சுவிட்ச் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அழுத்தியிருக்கும் வரை 'ஆன்', விட்டதும் 'ஆஃப்' என்று அது பின்தொடர்கிறது. போனில் உள்ள ரிலேயின் செயலியில் பொத்தான் வகையை 'மொமென்டரி' அல்லது 'பல்ஸ்' என்று மாற்றினால் தீர்ந்துவிடும். 'எட்ஜ்' என்ற அமைப்பில் அழுத்தும்போது ஒரு முறையும் விடும்போது மறுமுறையும் நிலை மாறும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அணைந்து, விட்டதும் மறுபடி எரிந்தால் அது எட்ஜ்.

அமைப்பைச் சரிசெய்த பிறகும் அப்படியே இருந்தால், பொத்தான் எஸ்.டபிள்யூ. முனைக்கு வராமல் ரிலேயின் எல் முனைக்கு முன்னால் தொடர் இணைப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெல் வயரிங்கை அப்படியே விட்டுவிட்டு, பெல் இருந்த இடத்தில் ரிலேயைச் செருகினால் இப்படித்தான் ஆகும். அழுத்தும் ஒவ்வொரு முறையும் ரிலேயே புதிதாக உயிர்பெற்று எழும், விட்டால் செத்துப்போகும். ரிலேயின் எல்லும் என்னும் எப்போதும் மின்சாரம் உள்ள லைனில் இருக்க வேண்டும்.

ஓர் அழுத்தலுக்கு இரண்டு முறை மாறுகிறது. சில நேரம் ஒன்றும் நடப்பதில்லை

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதுதான் முதன்மைக் கோளாறு. ஒரு பொத்தானைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்து பாருங்கள். விரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு, அதன் நுனியில் கடுகளவு வெள்ளிப் புள்ளி, எதிரே அதே போல் இன்னொன்று. உப்புக்காற்று படும் சுவரில் இருந்த பொத்தானில் அந்தத் தகட்டின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வெள்ளிப் புள்ளி கறுத்திருக்கும். பழைய இம்பல்ஸ் ரிலேயில் கம்பிச்சுருள் இழுக்கும் மின்னோட்டம் ஓரளவு பெரியது. ஒவ்வோர் அழுத்தலிலும் எழும் சிறு பொறியே அந்தக் கறுப்பைக் கொஞ்சம் எரித்துத் தள்ளிவிடும். ஸ்மார்ட் ரிலேயின் எஸ்.டபிள்யூ. முனை இழுப்பதோ மிகச் சிறிது. ஆகவே பல ஆண்டுகள் குறையின்றி உழைத்த பொத்தான், ரிலே மாற்றிய வாரத்திலேயே முரண்டு பிடிக்கத் தொடங்கும். வீட்டுக்காரர் ரிலேயைக் குறை சொல்வார். எஸ் 1, எஸ் 2 வகையில் மின்னழுத்தமும் குறைவு என்பதால் இந்தக் குறை இன்னும் விரைவாக வெளிப்படும்.

காண்டாக்ட் கிளீனர் தெளித்து, தடித்த காகிதத்தை இடையில் விட்டு இரண்டு முறை இழுத்தால் சில மாதங்கள் ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெள்ளி போய்விடும்; பிறகு அந்தப் பொத்தான் எதற்கும் ஆகாது. கடலைப் பார்த்த சுவராக இருந்தால் பொத்தானையே மாற்றி, ரப்பர் விளிம்புள்ள மூடியோடு போடுவதுதான் நிலைத்த தீர்வு. மழைக்காலத்தில் எறும்பு குடியேறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெட்டியின் பின்துளை வழியாக மண்ணும் முட்டையுமாக வந்து தகட்டுக்குக் கீழே அடைத்திருப்பதை நான் பலமுறை தட்டி எடுத்திருக்கிறேன். பைப் வாயை அடைத்துவிட்டால் திரும்ப வராது.

காண்டாக்ட் சுத்தமாக இருந்தும் இரட்டை அழுத்தல் தொடர்ந்தால், தகடு ஒரே முறை படாமல் துள்ளித் துள்ளிப் படுகிறது. துள்ளலை எத்தனை மில்லிவினாடி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சில ரிலேக்களின் மென்பொருளில் மாற்ற முடியும். 50 மில்லிவினாடியில் வைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் 100 வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால், சட்டென்று தட்டிவிட்டுப் போகிறவரின் அழுத்தல் பதியாது.

யாரும் தொடாமல் தானே எரிகிறது, அணைகிறது

முட்டத்துக்கு அருகே ஒரு வீட்டில் ரிலே பொருத்திய மூன்றாம் நாள் பாட்டி போனில் அழைத்தார். "மக்களே, ராத்திரி ஆரும் தொடாம ஏணிப்படி லைட்டு எரியுது. எனக்கு உறக்கமே இல்ல." மறுநாள் போய்ச் செயலியில் பதிவாகியிருந்த நேரங்களைப் பார்த்தேன். மூன்று இரவுகளிலும் எல்லாமே இரவு 11 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையே. பகலில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பட்டியல்தான் விடையைக் காட்டியது. மாலை 7 மணிக்கு அந்த வீட்டில் மீட்டர் 218 வோல்ட் காட்டியது. ஊர் உறங்கி, சுமை குறைந்த பிறகு 241.

அந்த மூன்று பொத்தான்களிலும் இருட்டில் இடம் தெரிவதற்காக நியான் இன்டிகேட்டர் இருந்தது. அது பொத்தானின் இரண்டு முனைகளுக்கும் குறுக்காக இணைக்கப்பட்டது. பொத்தானை அழுத்தாதபோதும் அதன் வழியே அரை மில்லிஆம்பியரிலிருந்து ஒரு மில்லிஆம்பியர் வரை கசிந்துகொண்டே இருக்கும். காலிங் பெல்லுக்கோ இம்பல்ஸ் ரிலேக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. அவற்றின் சுருளை அசைக்க அது போதாது. எஸ்.டபிள்யூ. முனைக்கு மூன்று நியான்களின் கசிவும் ஒன்றாகச் சேர்ந்து வந்தபோது, அது 'அழுத்தப்பட்டது', 'அழுத்தப்படவில்லை' என்ற எல்லைக்கு மிக அருகில் நின்றது. இரவில் மின்னழுத்தம் ஏறியபோது எல்லையைத் தாண்டியது. பாட்டி கண்டது அதைத்தான்.

மூன்று நியான்களையும் பிரித்துவிட்டேன். ஆனால் கீழ்ப் பொத்தானுக்கு வெளிச்சம் வேண்டும், இருட்டில் தடவ முடியாது என்று பாட்டி சொன்னது நியாயமானது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்துப் பிளக் பாயின்ட்டிலிருந்து அதே சர்க்யூட்டின் நியூட்ரல் எட்டியதால், நியானைப் பொத்தானுக்குக் குறுக்காக வைக்காமல் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மாற்றி வைத்தேன். இப்போது அது எப்போதும் எரிகிறது, எஸ்.டபிள்யூ. வயரை அது தொடுவதே இல்லை.

நியான் இல்லாமலும் இதே அறிகுறி வரும். பொத்தான் வயர் நீளமாக இருந்து, எப்போதும் மின்சாரம் உள்ள வயரோடு ஒரே பைப்பில் படுத்து வந்தால், இரண்டுக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டர் தானாக உண்டாகிறது. ஒரு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால் 20 மீட்டரில் 2,000 பிக்கோஃபாரட். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே ஏறத்தாழ 0.14 மில்லிஆம்பியர் போகும். இது கைக்கு ஒன்றும் தெரியாத அளவுதான். டெஸ்டர் மட்டும் மினுமினுக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டர் 60, 70 வோல்ட் என்று எதையாவது காட்டும். அதைப் பார்த்து 'வயர் கசிகிறது' என்று சுவரை உடைக்கத் தொடங்கியவர்களும் உண்டு. உண்மையான கசிவா, இந்தப் பொய் மின்னழுத்தமா என்று அறிய, எஸ்.டபிள்யூ.விலிருந்து கழற்றிய வயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே மீட்டரோடு சேர்த்து ஒரு டெஸ்ட் லேம்ப்பையும், பழைய குண்டு பல்பு போட்டதை, வைத்துப் பாருங்கள். மீட்டரின் எண் சரிந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் அது பொய் அழுத்தம். எண் குறையாமல் நின்றாலோ, பல்பின் இழை சிவந்தாலோ எங்கோ இன்சுலேஷன் போயிருக்கிறது. மழைநீர் இறங்கிய பைப்பில் போட்ட ஜாயின்ட்தான் முதலில் சந்தேகத்துக்குரிய இடம்.

பொய் அழுத்தத்துக்கு மருந்து ஆர்.சி. ஸ்னப்பர்: 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்ந்தது. அதை எஸ்.டபிள்யூ. முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணைத்தால், மேலே சொன்ன 20 மீட்டர் வயரின் பொய் அழுத்தம் சில வோல்ட்டுக்கு இறங்கிவிடும். கெப்பாசிட்டர் எக்ஸ் 2 வகையாக, 275 வோல்ட் ஏ.சி. அல்லது அதற்கு மேல் தாங்குவதாக இருக்க வேண்டும். சாதாரணக் கெப்பாசிட்டரை மெயினுக்குக் குறுக்கே போடுவது தீப்பிடிக்க வழி செய்வது. மெயினை அணைத்த பிறகும் ஸ்னப்பரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதால் முனையை உடனே தொட வேண்டாம். வயர் இன்னும் நீளம், தோட்டத்துக் கேட் வரை போகிறது என்றால், 230 வோல்ட் சுருள் உள்ள ஒரு சிறு ரிலேயைப் பொத்தானால் இயக்கி, அதன் காண்டாக்டை ஸ்மார்ட் ரிலேக்குக் கொடுப்பதே நல்லது.

பொத்தான் வயரும் கிணற்று மோட்டார் வயரும் ஒரே பைப்பில் வரும் வீடுகளில், மோட்டாரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் விளக்கு நிலை மாறும். இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். செயலியில் உள்ள நேரத்தையும் தொட்டி நிரம்பிய நேரத்தையும் ஒப்பிட்டால் போதும். இதற்கும் ஸ்னப்பர் உதவும்; முடிந்தால் வேறு பைப்பில் வயர் இழுப்பது அதைவிட நன்று.

ஒரு பொத்தான் மட்டும் விசித்திரமாக நடந்துகொள்கிறது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போக வேண்டாம். பொத்தான்கள் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே ஃபேஸுக்கும் எஸ்.டபிள்யூ. வயருக்கும் இடையே இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொரு ஃபேஸிலும் இருப்பது வழக்கம். பின்னாளில் மாடியில் ஒரு பொத்தான் கூடுதலாகப் போடும்போது, கீழிருந்து ஃபேஸ் இழுக்கச் சோம்பி, பக்கத்துப் போர்டிலிருந்து ஒரு லூப் எடுத்துவிடுகிறார்கள். தனித்தனியாக அழுத்தினால் இரண்டு பொத்தான்களும் வேலை செய்வது போலவே தோன்றக்கூடும். கீழே ஒருவரும் மேலே ஒருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினால், அந்த எஸ்.டபிள்யூ. வயர் வழியாக இரண்டு ஃபேஸ்களும் நேராக முட்டிக்கொள்ளும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட். பொத்தான் வெடித்து, அதை அழுத்திய விரல் கருகும்.

சோதிக்கும் முறை: எஸ்.டபிள்யூ. வயரைக் கழற்றி, அதற்கும் ரிலேயின் எல் முனைக்கும் இடையே மீட்டரை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பொத்தானுக்கும் பூஜ்யத்தை ஒட்டிய எண்தான் வர வேண்டும். ஏதாவது ஒன்றுக்கு 400-ஐ ஒட்டிய எண் வந்தால் அது வேறு ஃபேஸ். அன்றே அதைப் பிரித்துவிட வேண்டும். அன்று நேரம் இல்லையென்றால் அந்தப் பொத்தானையாவது துண்டித்துவிட்டு வர வேண்டும்.

இதன் சிறு தம்பி ஒன்று உண்டு. கரண்ட் இருக்கும்போது எல்லாப் பொத்தானும் இயங்குகின்றன. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஒரு பொத்தான் இயங்குவதில்லை, போனில் இயங்குகிறது. அந்தப் பொத்தானின் ஃபேஸ் மெயின் லைனிலிருந்தும், ரிலேயின் ஃபேஸ் இன்வெர்ட்டர் லைனிலிருந்தும் வருகின்றன. இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கே கொண்டுவர வேண்டும்.

இ.எல்.சி.பி. விழுகிறது

ரிலே பொருத்திய நாளிலிருந்து, விளக்கைப் போட்டதும் இ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் கருவி) விழுகிறது என்றால் நியூட்ரல் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. ஃபேஸ் ஒரு இ.எல்.சி.பி. வழியாகப் போய், நியூட்ரல் வேறொன்றின் வழியாகத் திரும்பினால், அந்த வித்தியாசம் முழுவதும் அதற்குக் கசிவாகத் தெரியும். வீடுகளில் போடுவது 30 மில்லிஆம்பியர் வகை. ரிலே தனியாக இழுப்பது சில மில்லிஆம்பியர்தான் என்பதால் விளக்கு அணைந்திருக்கும் வரை ஒன்றும் நடக்காது. விளக்கு எரியும் கணத்தில், ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பே அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால் பல்பில் குறை என்று பல்பை மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. ரிலேக்கும் விளக்குக்கும் உரிய நியூட்ரல், அவற்றின் ஃபேஸ் புறப்பட்ட அதே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும். விழுகிறதே என்று இ.எல்.சி.பி.யை பைபாஸ் செய்வதை எந்த வீட்டிலும் செய்யாதீர்கள். குளியலறையில் ஈரக்கையோடு ஹீட்டர் சுவிட்சைத் தொடுகிற ஒருவரின் உயிர் அதைத்தான் நம்பியிருக்கிறது.

அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுங்குகிறது

இரண்டு காரணங்கள் பொதுவானவை. முதலாவது, ரிலே ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டிக்கிறது. விளக்கு வயரில் ஃபேஸ் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது. இது மினுங்கல் மட்டுமல்ல, பல்பு மாற்றுகிறவருக்கு ஆபத்து. உடனே மாற்ற வேண்டும். இரண்டாவது, யாரோ ஸ்னப்பரை ரிலேயின் காண்டாக்டுக்குக் குறுக்காகப் போட்டிருக்கிறார்கள். 0.1 மைக்ரோஃபாரட் வழியாக ஏறத்தாழ 7 மில்லிஆம்பியர் எப்போதும் போகும், எல்.இ.டி.யை மினுங்க வைக்க அது தாராளம். அதைக் காண்டாக்டிலிருந்து எடுத்து விளக்குக்கு இணையாக வைத்தால் மினுங்கல் நின்றுவிடும்.

கரண்ட் போய் வந்தால் நிலை மாறிவிடுகிறது

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் தென்னை மட்டை லைனில் உரசி, மின்சாரம் கண் இமைக்கும் நேரம் போய் வருவது நமக்குப் பழக்கம். சாதாரண விளக்கு ஒரு முறை சிமிட்டிவிட்டு எரியும். ஸ்மார்ட் ரிலே அந்த ஒரு சிமிட்டலில் அணைந்து மறுபடி எழலாம். எழும்போது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது அமைப்பில் இருக்கிறது. படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் 'முன்பிருந்த நிலை' என்று வைப்பதே சரி. நள்ளிரவில் இறங்கி வருகிற முதியவரை இருட்டில் நிறுத்தக் கூடாது. பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால் 'ஆஃப்' என்று வைக்கலாம்.

வைஃபை இல்லாவிட்டால் பொத்தானும் இயங்கவில்லை

அமைப்பு 'டிடாச்டு' என்று இருக்கிறது: பொத்தான் ரிலேயை நேரடியாக இயக்காமல், ஒரு செய்தியை மட்டும் அனுப்புகிறது. வீட்டு விளக்குக்கு அது வேண்டாம். பொத்தான் இணையத்தை நம்பி இருக்கவே கூடாது. சிக்னலே எட்டவில்லை என்றால் நம் சுவர்களில் பதிக்கும் தகர மெட்டல் பாக்ஸ் காரணமாக இருக்கலாம். பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிப் பாருங்கள். இத்தகைய ரிலேக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும் என்பதையும் ரவுட்டரில் கவனிக்க வேண்டும்.

விளக்கு அணைய மறுக்கிறது

செயலி 'ஆஃப்' என்கிறது, 'டக்' சத்தம் சற்று மழுங்கலாகக் கேட்கிறது அல்லது கேட்கவே இல்லை, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரிலேயில் 10 அல்லது 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. எல்.இ.டி. டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் காலியாக இருந்து நிரம்பும் அந்த முதல் மில்லிவினாடியில், வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு பாயும். ஒரு பல்புக்கு அது பொருட்டல்ல. ஃபால்ஸ் சீலிங்கில் இருபது பேனல் விளக்குகளை ஒரே ரிலேயில் தொங்கவிட்டால், ஒவ்வொரு முறையும் காண்டாக்டின் முகம் சிறிது உருகி உறையும். ஒரு நாள் பிரியாது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் பிரிந்துவிடும்தான். ஆனால் அந்த ரிலேயை மீண்டும் நம்பக் கூடாது, மாற்ற வேண்டும். விளக்குகளைப் பிரித்து இரண்டு, மூன்று ரிலேக்களுக்குக் கொடுக்கலாம். அல்லது ஸ்மார்ட் ரிலே ஒரு சிறு காண்டாக்டரை (பெரிய சுமையைத் தாங்கும் கனமான ரிலே) இயக்க, காண்டாக்டர் விளக்குகளை இயக்கட்டும்.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்ட வீடுகளில் கோடை மழையின் மாலை இடிக்குப் பிறகு ரிலே முற்றிலும் செத்துக் கிடந்தால், புதியதை மாட்டும் முன் டி.பி. பெட்டியில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி (திடீரென எகிறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்புவது) இருக்கிறதா, அதன் எர்த் வயர் நல்ல எர்த்துக்குப் போகிறதா என்று பாருங்கள். எர்த் குழியில் தண்ணீர் கண்டு ஆண்டுக்கணக்காகியிருந்தால் அந்தக் கருவியால் பயனில்லை.

வேலை முடிந்ததும் டி.பி. கதவின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வருகிறேன். ரிலே எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அதன் ஃபேஸும் நியூட்ரலும் எந்த எம்.சி.பி., எந்த இ.எல்.சி.பி. வழியாக வருகின்றன, இன்வெர்ட்டர் லைனா மெயின் லைனா, பொத்தான்கள் எத்தனை, எஸ்.டபிள்யூ. வயரின் நிறம் என்ன, ஸ்னப்பர் எங்கே இருக்கிறது என்பவை மட்டும் அதில் இருக்கும். அடுத்து அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறவர் நானாக இல்லாமல் இருக்கலாம்.